ஏடும் காந்தமும்: மின்னோட்டத்தால் காந்தத்தைத் திருப்பும் இயற்பியலும் தமிழ்ச் சொல்நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

சில அணுக்களே தடிப்புள்ள பொருள்களில் காந்தத்தின் திசையை மின்னோட்டத்தால் மாற்றும் ஆய்வு, கடந்த பத்தாண்டுகளுக்குள் உருப்பெற்ற இயற்பியல் துறையாகும். இத்துறைக்குரிய தமிழ்ச்சொற்களைப் பட்டியலாகத் தொகுப்பதனால் மட்டும் அது தமிழுக்கு வந்துவிடாது. நிகழ்வைத் தமிழ்த் தொடர்களில் விளக்கிப் பார்க்கும்போதே பொருந்திய சொல் எது என்பது தெளிவாகும் என இக்கருத்துரை வாதிடுகிறது. ‘ஏடு’ என்னும் பெயர்ச்சொல், தன்வினை – பிறவினை வேறுபாடு, ‘தற்சுழற்சி’ என்னும் வழக்குச்சொல் ஆகிய மூன்றும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காரைக்கால் போன்ற ஊர்களில் இப்பணியைத் தொடங்கும் வழியும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், காந்தவியல், ஏடு, தன்வினை, பிறவினை, தற்சுழற்சி, கே.எஸ். கிருஷ்ணன், காரைக்கால்.

முன்னுரை

மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகில் காந்த ஊசி திசைமாறும் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். அதே ஆண்டிலேயே பிரான்சு நாட்டு ஆம்பியர், மின்னோட்டம் செல்லும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் விலக்குவதையும் ஆய்ந்து வெளியிட்டார். அவ்வாண்டில் காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தரங்கம்பாடி டேனியர் வசமும், அதற்குத் தெற்கே அண்மையிலுள்ள காரைக்கால் பிரெஞ்சியர் வசமும் இருந்தன. தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஒரு நூற்றாண்டைக் கடந்திருந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அங்கு 1715இல் அச்சேறியது. மின்காந்தவியலைத் தோற்றுவித்த இரு நாடுகளோடும் ஆட்சித் தொடர்பு கொண்டிருந்த இக்கடற்கரையில், அக்கண்டுபிடிப்பு தமிழ்ப் புலமையின் பொருளாக அன்று அமையவில்லை.

இதனைப் பழங்குறையாகக் கூறி அமைவது இக்கருத்துரையின் நோக்கமன்று. அன்று தொடங்கிய அதே வினா, மின்னோட்டத்தால் காந்தத்தை எவ்வாறு ஆள்வது என்னும் வினா, இன்று மிக நுண்ணிய வடிவில் மீண்டும் எழுந்துள்ளது. அத்துறையின் சொற்கள் ஆங்கிலத்திலேயே இன்னும் முழுமையாக நிலைபெறவில்லை. ஆதலின் தமிழ்த்துறைகள் இதில் பங்குகொள்வதற்கு இது தக்க காலம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

நிகழ்வு யாது?

ஒரு பொருள் நிலைத்த காந்தமாக விளங்குவதற்கு அதிலுள்ள எண்ணற்ற எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள் ஒரே திசையை நோக்கி ஒழுங்குற்றிருக்க வேண்டும். வெப்பம் அவ்வொழுங்கைக் குலைக்கும். பொருள் மெலிய மெலிய ஒவ்வோர் அணுவுக்கும் துணைநிற்கும் அண்டை அணுக்கள் குறைவதனால், குலைவு எளிதாகிறது. எல்லாத் திசைகளையும் ஒன்றுபோலக் கருதும் இருபரிமாணக் காந்தத்தில், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் நீடித்த ஒழுங்கு இராது என்பதை மெர்மின், வாக்னர் ஆகிய இருவரும் 1966இல் கணித முறையில் நிறுவினர்.

இத்தேற்றத்தில் ‘எல்லாத் திசைகளையும் ஒன்றுபோல’ என்பது ஒரு நிபந்தனை. படிகம் ஒரு திசையை மட்டும் விரும்புமாயின் இத்தடை அதற்குப் பொருந்தாது. 2017இல் குரோமியம் மூவயோடைடின் தனியடுக்கு, ஏறத்தாழ 45 கெல்வின், அதாவது பூச்சியத்திற்குக் கீழ் 228 செல்சியசு பாகை வரை காந்தமாகவே நிற்பது காட்டப்பட்டது. அதே ஆண்டில் குரோமியம், ஜெர்மேனியம், டெல்லூரியம் சேர்ந்த மற்றொரு சேர்மத்தின் மெல்லிய அடுக்குகளிலும் காந்த ஒழுங்கு காணப்பட்டது. 2004இல் கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபீன் உரித்தெடுக்கப்பட்ட வழியே இவ்வாய்வுகளுக்கும் வழியாயிற்று.

காந்தம் கிடைத்தபின் அதன் திசையை மாற்றுவது எப்படி என்பது அடுத்த வினா. ஏர்ஸ்டெட்டின் வழியில் கம்பியின் காந்தப்புலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் கருவி சிறுக்கச் சிறுக்க அப்புலம் அண்டைக் காந்தங்களின்மீதும் பரவும். அதற்கு மின்னாற்றலும் மிகுதியாகத் தேவைப்படும். 1996இல் சிலான்செவ்ஸ்கி, பெர்ஜே ஆகியோர் தனித்தனியே வேறொரு வழியைக் கூறினர். எலக்ட்ரான்களின் தற்சுழற்சித் திசைகள் ஒருமுகப்பட்ட மின்னோட்டம் ஒரு காந்தத்தினுள் புகுமாயின், அது தன் கோண உந்தத்தைக் காந்தத்திற்குக் கையளித்து அதன் திசையை மாற்றும் என்பது அவர்தம் முடிபு.

மூன்றாவது வழி, பிளாட்டினம் போன்ற கனவுலோகங்களின் இயல்பைச் சார்ந்தது. அத்தகைய உலோகத்தில் மின்னோட்டம் செல்லும்போது எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய எலக்ட்ரான்கள் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு விலகுகின்றன. 1971இல் தியாகனோவ், பெரல் ஆகியோர் இதனை முன்கூட்டியே கணித்துக் கூறினர். அவ்வாறு ஒரு பக்கத்தில் திரளும் தற்சுழற்சி, மேலே பதிந்துள்ள காந்தத்தினுள் புகுந்து அதனைத் திருப்புகிறது. இரும்பு, ஜெர்மேனியம், டெல்லூரியம் ஆகியவற்றாலான அடுக்குக் காந்தத்தின்மீது பிளாட்டினத்தைப் படியவைத்து, மின்னோட்டத்தால் காந்தத் திசையைப் புரட்டியமையை 2019இல் இரு குழுவினர் வெளியிட்டனர்.

அவ்வமைப்பில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மேல்நோக்கிய திசைக்கும் கீழ்நோக்கிய திசைக்கும் இடையே பிளாட்டினம் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே எத்திசைக்குப் புரள வேண்டும் என்பதை முடிவுசெய்யப் புறத்தேயிருந்து ஒரு காந்தப்புலம் வேண்டியிருந்தது. டங்ஸ்டன் இருடெல்லூரைடு என்னும் அடுக்குப்பொருளின் படிக அமைப்பில் சமச்சீர் குறைவு. அக்குறைவே இங்கு நிறைவாயிற்று: தளத்திற்குச் செங்குத்தான திசையிலும் அது காந்தத்தைத் தூண்டவல்லது என 2017இல் அறியப்பட்டது. அதனைக் கொண்டு புறப்புலமின்றியே செங்குத்துக் காந்தத்தைப் புரட்டிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. அறை வெப்பநிலைக்கு மேலும் காந்தமாக நிற்கும் இரும்பு – காலியம் – டெல்லூரியம் அடுக்குப்பொருளும் அவ்வாண்டில் அறிமுகமாயிற்று. மின்சாரம் நின்றாலும் தரவை இழக்காத, குறைந்த ஆற்றலில் எழுதத்தக்க நினைவகங்களே இவ்வாய்வின் இலக்கு. இவ்வடுக்குகளை விரிந்த பரப்பில் குறையின்றி வளர்ப்பதும், இவற்றுட் பலவற்றைக் காற்றும் ஈரமும் சிதைக்காமல் காப்பதும் இன்னும் எளிதாகவில்லை.

கிருஷ்ணன் எழுப்பிய வினா

மேற்கூறியவற்றுள் அடிப்படையானது, படிகம் திசைக்குத் திசை வேறுபட்ட காந்தப்பண்பு காட்டுவதாகும். இவ்வேறுபாட்டை அளந்தறிந்தவர்களுள் முதன்மையான ஒருவர் தமிழ்நாட்டவர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், இராமனோடு 1928ஆம் ஆண்டின் ஒளிச்சிதறல் ஆய்வில் உடனுழைத்தவராகவே பெரிதும் அறியப்படுகிறார். ஆயின் அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் ஆற்றிய பணி படிகங்களின் காந்தப்பண்பைப் பற்றியது. சிறு படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்ப முயல்கிறது என்பதை இழையின் முறுக்கத்தால் அளந்தார். அடுக்குப்பொருளாகிய கிராஃபைட்டின் காந்தப்பண்பைப் பற்றியும் கங்குலியுடன் இணைந்து 1941இல் எழுதினார்.

கிருஷ்ணன் அளந்தவை நிலைக்காந்தங்கள் அல்ல. எனினும் ‘இப்படிகம் எத்திசையை விரும்புகிறது?’ என்னும் அவருடைய வினாவே தனியடுக்குக் காந்தம் நிலைக்குமா என்பதையும் முடிவுசெய்கிறது. இத்துறையைத் தமிழுக்கு முற்றிலும் அயலானது எனக் கருதுவோர் இத்தொடர்பை நினைவிற்கொள்ளல் நன்று.

தமிழ் மெய்யியலும் காந்தத்தைப் பொருளாகக் கொண்டதுண்டு. சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா, உயிர் இறைவன் முன்னிலையில் செயற்படுதலைக் காந்தத்தின் முன் இரும்பு செயற்படுதலோடு ஒப்பிடுகிறது. இரும்புக்கு அங்குப் ‘பசாசம்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அந்நூலில் இன்றைய இயற்பியலைத் தேடுவது ஆய்வாகாது. ஆனால் இயங்குவது எது, இயக்குவது எது என்னும் நுண்ணிய வேறுபாட்டைக் காந்தத்தை வைத்துத் தமிழில் சிந்தித்திருக்கிறார்கள் என்பதை மறுக்க இயலாது. அவ்வேறுபாடு இன்றைய இயற்பியலை எழுதுவதற்கும் வேண்டப்படுவதாகும்.

மூன்று சான்றுகள்

முதலாவது, ‘ஏடு’. மெல்லிய பூச்சு எதனையும் ‘மென்படலம்’ எனக் கலைச்சொல் அகராதிகள் குறிக்கின்றன. ஓரணு அடுக்கையும் சிலர் அவ்வாறே எழுதுகின்றனர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரு தளத்தின்மீது படியவைத்த படலத்தில் அணுக்கள் மேல், கீழ், பக்கம் ஆகிய எல்லாத் திசைகளிலும் வலிமையாகப் பிணைந்திருக்கும். கிராஃபைட்டு போன்ற பொருளிலோ அடுக்கினுள் பிணைப்பு வலிது. அடுக்குகளுக்கிடையே பிணைப்பு மெலிது. ஆகவே உரித்தெடுக்க முடிகிறது. பாலின்மேல் ஏடு படிகிறது. அது தனியே எடுக்கவருகிறது. சுவடியில் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பினும் ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது. தனித்தன்மை இழக்காது அடுக்கப்படுதல், தனியே பிரிக்கவருதல் ஆகிய இரு கூறுகளும் ‘ஏடு’ என்னும் சொல்லில் முன்பே உள்ளன. எனவே இவற்றை ‘ஏட்டுப்பொருள்’ என்றும், ஓரணு அடுக்கை ‘ஓரேடு’ என்றும், இரண்டு சேர்ந்ததை ‘ஈரேடு’ என்றும் வழங்கலாம். சுவடியின் ஏடுகளைக் கயிறு பிணைக்கிறது, இவற்றை மெல்லிய ஈர்ப்புவிசை பிணைக்கிறது என்னும் வேறுபாட்டை ஒரு தொடரில் விளக்கிவிட்டால் போதும். ‘படலம்’ என்பதைப் படிந்தவற்றுக்கும் ‘ஏடு’ என்பதை உரிபடுவனவற்றுக்கும் உரியதாக்கினால், ஆங்கிலத்தில் நீண்ட அடைமொழியால் பிரிப்பதைத் தமிழில் ஒரு சொல்லால் பிரிக்கலாம்.

இரண்டாவது, வினை. ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் பலவிடங்களில் தானே நிகழ்வதையும் பிறிதொன்று நிகழ்த்துவதையும் குறிக்கிறது. தமிழில் திரும்பு – திருப்பு, புரள் – புரட்டு, மாறு – மாற்று எனத் தன்வினையும் பிறவினையும் வடிவாலேயே வேறுபடுகின்றன. இயற்பியலில் இது அணியன்று. பொருளே இதனைச் சார்ந்தது. வெப்பத்தால் காந்தம் தானே திசைமாறினால் அது ‘புரளல்’; நினைவகத்தில் அது பிழை. மின்னோட்டத்தால் திசைமாற்றப்பட்டால் அது ‘புரட்டல்’. நினைவகத்தில் அது எழுதுதல். ஒரே விளைவு, ஓரிடத்தில் குறை, மற்றோரிடத்தில் பயன். ‘காந்தத் திசைமாற்றம்’ என ஒரு பெயரால் இரண்டையும் மொழிபெயர்ப்பது, தமிழ் இயல்பாகவே வைத்திருக்கும் வேறுபாட்டை நாமே அழிப்பதாகும்.

‘தணிதல்’, ‘தணித்தல்’ என்பனவும் இத்தகையன. திசைகுலைந்த காந்தம், தலையாட்டிச் சுழலும் பம்பரம்போலச் சுற்றிச் சுற்றித் தனக்கு உகந்த அச்சில் அடங்குகிறது. ஆட்டம் தானே குறைகிறது. ஆதலின் இது தணிதல். மின்னோட்டம் அவ்வாட்டத்தைக் குறைக்குமாறு செயற்படும்போது அது தணித்தல். எதிர்த்திசையில் செலுத்தப்பட்டால் அது தணிதலை எதிர்க்கிறது, ஆட்டம் பெருகுகிறது, ஓர் எல்லையைக் கடந்ததும் காந்தம் மறுபுறம் புரட்டப்படுகிறது. இம்மூன்றையும் மூன்று தமிழ்த் தொடர்களாகச் சொல்லிவிடலாம். பொருத்தமான சொல் இல்லை என்னும் குறை இங்கு இல்லை. இலக்கணம் தரும் வசதியைச் சொல்லாக்கம் பயன்படுத்துவதில்லை என்பதே குறை. ‘காந்தமாக்கம்’ என்னும் சொல்லும் இவ்வகையில் மீளாய்வுக்குரியது. ‘ஆக்கம்’ என்றாலே ஆக்குவோன் ஒருவன் உளன் என்றாகும். ஆனால் பல இடங்களில் அச்சொல்லால் சுட்டப்படுவது காந்தமாக இருக்கும் நிலையின் அளவே. செயலைக் ‘காந்தமாக்கல்’ என்றும், நிலையைக் ‘காந்தநிலை’ என்றும் பிரித்து வழங்குதல் தெளிவு தரும்.

மூன்றாவது சான்று சற்று மாறுபட்டது. ‘தற்சுழற்சி’ என்னும் சொல் எலக்ட்ரான் பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றுவதாக எண்ணச்செய்கிறது. எலக்ட்ரான் அவ்வாறு சுற்றுவதில்லை. சுழலும் பொருளுக்குரிய கோண உந்தம் அதற்கு இயல்பாகவே அமைந்துள்ளது. 1925இல் உலன்பெக், கூட்ஸ்மித் ஆகியோர் இக்கருத்தை முன்வைத்தபோது வழங்கிய உருவகம் ஆங்கிலச் சொல்லில் உறைந்துவிட்டது. அதன் மொழிபெயர்ப்பாக அவ்வுருவகம் தமிழுக்கும் வந்தது. இச்சொல்லை நீக்கிப் புதுச்சொல் படைக்க வேண்டும் என்போர் உளர். அதில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. பாடநூல் வழக்கில் ஊன்றிய சொல்லைப் பெயர்த்தால் மாணவர் முன்கற்றதையும் இழப்பர். கலைச்சொல் என்பது விளக்கத்தின் தலைப்பேயன்றி விளக்கமாகாது. ஆகவே சொல்லை வைத்துக்கொண்டு, அது எங்குப் பொருந்தாது என்பதைத் தெளிவாக எழுதிவைப்பதே தக்கது. திருத்தம் எல்லாச் சொல்லுக்கும் வேண்டுவதன்று. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டா எனத் தேர்வதும் சொல்லாக்கப் புலமையின் பாற்பட்டதே.

எதிர்வாதம்

ஆராய்ச்சி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. ஆய்வாளர் ஆங்கிலத்திலேயே படித்து எழுதுகின்றனர். இந்நிலையில் இத்துறைக்குத் தமிழ்ச்சொல் யாருக்குப் பயன்படும் என்னும் வினா நியாயமானது. உலக அரங்கில் ஆய்வை வெளியிட ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளியிடும் மொழி வேறு, புரிந்துகொள்ளும் மொழி வேறு. பள்ளியில் தமிழ்வழி பயின்று இயற்பியல் முதுகலைக்கு வரும் மாணவர், ‘காந்தம் ஏன் புரண்டது?’ என்று தமக்குள் கேட்டுக்கொள்வது தமிழிலேயே. அவ்வினாவைத் தொடர்வதற்குரிய தொடர்கள் தமிழில் இல்லாதபோது, அவர் ஆங்கிலச் சொற்களை மனனம் செய்து கடக்கிறார். தாம் அளப்பது யாது என்பதைத் தம் பெற்றோருக்கோ, தம் ஊர்ப் பள்ளி மாணவருக்கோ கூற இயலாத நிலை, நாளடைவில் தமக்கே கூறிக்கொள்ள இயலாத நிலையாக மாறுகிறது. இழப்பு அங்கேதான் நேர்கிறது.

மற்றொரு வாதம், கலைச்சொல்லாக்கம் நூறாண்டாக நடந்தும் பயன் விளையவில்லை என்பது. 1916இல் இராசாசி முதலியோர் சேலத்தில் அமைத்த சாத்திரப் பரிபாஷைச் சங்கம் தொடங்கி, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் வரை, உழைப்பு குறைவன்று. இவற்றோடு 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன் செய்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கற்பிப்பதற்காக நூல் எழுதினார். எழுதுவதற்காகச் சொல் ஆக்கினார். சொல் கடைசியில் வந்தது. ஆகவே அது வாழ்வதற்கு ஓரிடம் முன்பே இருந்தது. பட்டியலில் பிறக்கும் சொல்லுக்கு அவ்விடம் இல்லை. பயன் விளையாமைக்குக் காரணம் முயற்சியின் குறைவன்று; முயற்சியின் வரிசைமுறையே.

செய்யத்தக்கன

காரைக்கால் இதற்கு ஏற்ற களம். திருவேட்டக்குடியில் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. அதே நகர்ப்பகுதியில் தமிழ் கற்பிக்கும் அரசுக் கலைக்கல்லூரிகள் உள்ளன. நகரம் சிறிது, ஒரு துறையினர் மற்றொரு துறையினரைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பெருநகர்ப் பல்கலைக்கழகங்களுக்கு இல்லாத வாய்ப்பு இது. இங்குத் தொடங்கத்தக்க செயல்கள் மூன்று.

1. அறிவியல், பொறியியல் முனைவர் பட்ட ஆய்வேடு ஒவ்வொன்றிலும் நான்கு அல்லது ஐந்து பக்கத் தமிழ் விளக்கம் ஒன்று இடம்பெறலாம். ஆங்கிலச் சுருக்கத்தின் மொழிபெயர்ப்பாக அது அமைதல் கூடாது. ஆய்வாளரே தம் வினாவைத் தமிழில் தொடங்கி எழுதியதாக அமைதல் வேண்டும்.

2. அவ்விளக்கத்தைத் தமிழ் ஆய்வாளர் ஒருவர் உடனமர்ந்து படிக்கவேண்டும். அவர் பணி சந்திப்பிழை திருத்துவதோடு அமையாது. ‘இங்குத் திருப்புவது எது, திரும்புவது எது?’ எனக் கேட்பதாகும். அவ்வினாவுக்கு விடை கூறுங்கால் இயற்பியலும் தெளியும், சொல்லும் கிடைக்கும்.

3. இத்தகைய இதழ்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்விளக்கங்களுள் சிறந்தனவற்றை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி வெளியிடலாம். தமிழறிந்த இயற்பியலார் ஒருவரும், இயற்பியல் பயிலாத தமிழார்வலர் ஒருவரும் படித்துப் பொருள்கொள்ள முடிந்த தொடரில் நின்ற சொல்லையே கலைச்சொல்லாக ஏற்கவேண்டும்.

தமிழ்த்துறை ஆய்வாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு. தன்வினை – பிறவினை குறித்து நாம் எழுதும் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கிய எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடுகின்றன. ஓர் ஆய்வுக்கூடத்தின் நிகழ்வை விளக்குமிடத்து அவ்விலக்கணக் கூறு எவ்வளவு தாங்கும், எங்குத் தளரும் என்பது நமக்கே புதிய ஆய்வுப்பொருளாகும்.

நிறைவுரை

ஏட்டுப்பொருள்களில் மின்னோட்டத்தால் காந்தத்தைப் புரட்டும் ஆய்வு வளர்ந்துகொண்டிருக்கும் துறை. இதன் சொற்கள் நிலைபெற்றபின் அவற்றை மொழிபெயர்க்கப் புகுந்தால், ‘தற்சுழற்சி’யில் நேர்ந்ததுபோலப் பிறர் உருவகத்தின் குறைகளையும் சேர்த்தே பெறுவோம். நிலைபெறுமுன் நிகழ்வையே நோக்கித் தமிழில் எழுதத் தொடங்கினால், ‘ஏடு’ போன்ற சொற்களும் ‘புரள் – புரட்டு’ போன்ற வினைகளும் தாமே முன்வந்து நிற்கும். இதற்குத் தமிழ்த்துறை இயற்பியல் துறையாக மாறவேண்டியதில்லை. இயற்பியலார் ஒருவர் தம் ஆய்வைத் தமிழில் சொல்ல முயலும்போது, உடனமர்ந்து வினவத்தக்க அளவு அந்நிகழ்வைக் கற்றுக்கொண்டால் போதும். அவ்வளவு கற்றல் தமிழாய்வாளரின் கடமைகளுள் ஒன்றாக ஏற்கப்படல் வேண்டும்.